தாலியைக் கழற்றச் சொன்ன சிஸ்டர்

காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்று முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிவு; பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்தவர். ஆறு மணிக்கு ஒரு இளம் நர்ஸ் வந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே, "வளையல், தோடு, செயின் எல்லாம் கழட்டி வீட்டுக்காரங்ககிட்ட குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வளையல் வந்தது. தோடு வந்தது. மூக்குத்தி, சோப்புத் தண்ணீர் தடவிய பிறகு வந்தது. தாலி மட்டும் வரவில்லை. அம்மா அதை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். எதிர் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். "இவர் உயிரோட இருக்கையில நான் எதுக்கு இதைக் கழட்டணும்? எனக்கு ஆபரேஷனே வேண்டாம். வீட்டுக்குப் போலாம்" என்றார் அம்மா.

அரை மணி நேரம் இப்படியே போனது. நைட் டியூட்டி முடியும் நேரத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"அம்மா, எங்கம்மாவும் கழட்ட மாட்டாங்க. உள்ள ரத்தத்தை நிறுத்த கரண்ட்ல ஓடுற மெஷின் ஒண்ணு இருக்கு. உடம்புல தங்கம் பட்டுக்கிட்டிருந்தா அந்த இடம் சுட்டுடலாம். அதுக்குத்தான் கேக்குறோம். சரி, உங்க வீட்டுல தாலிச் சரடு மாத்துறப்போ என்ன பண்ணுவீங்க?"

"மஞ்சக் கயித்துல மஞ்சக் கிழங்கு கட்டிப் போட்டுக்கிட்டு, அப்புறமா இதைக் கழட்டுவோம்."

"அதையே பண்ணிடலாம். ஆனா கிழங்கு வேண்டாம், கயிறு மட்டும். புதுக் கயிறா இருக்கணும். கழுத்துப் பக்கம் மயக்க டாக்டருக்கு வேலை இருக்கும். அதனால ட்ரிப் ஏறாத கையில கட்டிக்கலாமா?"

அம்மா யோசித்தார். தலையாட்டினார். நான் ஓடிப்போய் எதிரே பூக்கடையில் மஞ்சள் கயிறு வாங்கி வந்தேன். அப்பா அதைக் கையில் வாங்கப் போனபோது சிஸ்டர் தடுத்தார். சுவரில் மாட்டியிருந்த கைமருந்தை, அதாவது சானிடைசரை, அழுத்தி அப்பாவின் உள்ளங்கையில் விட்டு, "ஐயா, இதை நல்லா தேய்ச்சுக்கிட்டுக் கட்டுங்க" என்றார். நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அப்பா இரண்டாம் முறையாக அம்மாவுக்கு மூன்று முடிச்சுப் போட்டார். தாலி என் சட்டைப் பைக்குள் வந்தது. எட்டு மணிக்கு ஸ்ட்ரெச்சர் கிளம்பியது.

நர்சிங் படிப்பின் முதலாண்டுப் புத்தகத்தைப் புரட்டினால் நோய்த்தொற்றுத் தடுப்பு ஒரு பாடமாக இருக்கும். நோயாளியின் பண்பாட்டைப் புரிந்துகொள்வது வேறொரு பாடமாக, பெரும்பாலும் சில பக்கங்களில், இருக்கும். முதல் பாடத்தில் கேள்வி நிறைய வரும். இரண்டாவதை மாணவிகள் பரீட்சைக்கு முதல் நாள் புரட்டுவார்கள். அந்த மூத்த சிஸ்டர் அந்த ஐந்து நிமிடத்தில் செய்தது இரண்டும் சேர்ந்த ஒரே வேலை. அம்மாவிடம் பேசாமல் இருந்திருந்தால் கழுத்தில் தங்கம் இருந்திருக்கும், அல்லது ஆபரேஷன் நின்றிருக்கும். பேச மட்டும் செய்து அப்பாவின் கையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வெளி அழுக்கு அம்மாவின் உடம்புக்கு வந்திருக்கும். நோயாளியின் மொழியில் சொல்லப்படாத சுகாதார விதியை யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். நம் வார்டுகளில் தொற்று பரவுவதற்கான காரணங்களில் பாதி இங்கேதான் இருக்கிறது என்பது என் முடிவு.

திண்டிவனத்து ராத்திரி

இந்த உண்மையைத் தமிழ்நாடு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1890-களின் தொடக்கம். அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். அப்பா மருத்துவர். ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று மனைவியருக்கும் பிரசவச் சிக்கல். அப்பா வருகிறேன் என்றார். ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைத்தான் மூவரும் அழைத்தார்கள். அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள்.

அந்த வீடுகளைத் திட்டிக்கொண்டே கப்பல் ஏறியிருக்கலாம் ஐடா. அவர் போனது மருத்துவம் படிக்க. 1899-இல் பட்டம் வாங்கி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1909-இல் அங்கே நர்ஸ் பயிற்சிப் பள்ளியும் வந்தது. இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதை இது, பலமுறை சொல்லப்பட்டதுதான். இதை ஒரு பெண்ணின் தியாகக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். செவிலியப் பாடமாகவும் இதைப் படிக்க வேண்டும். அந்த மக்களின் வழக்கம் மாறும்வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை பெண்கள் செத்திருப்பார்களோ. சிகிச்சை கொடுப்பவர் மாறினார், உயிர்கள் பிழைத்தன.

அரசு வழியிலும் செவிலியர் பயிற்சியில் சென்னைக்குப் பழைய பங்கு உண்டு. ஜி.எச். என்று நாம் சொல்லும் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிவிட்டது. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் தம் பள்ளியைத் திறந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஒரு மணி நேரக் கணக்கு

இனி, சிஸ்டர் தேய்க்கச் சொன்ன கைக்கு வருவோம்.

1847-இல் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்தவர்கள் அந்த ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராக வந்து பிரசவம் பார்க்கிறார்கள், கேடு அவர்கள் கையில் வருகிறது என்று கண்டுபிடித்தார் அங்கிருந்த மருத்துவர் செம்மல்வெய்ஸ். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஜூன் மாதம் அது நூற்றுக்கு இரண்டாக இறங்கியது. இந்தக் கதையில் என்னை உலுக்குவது வேறு. வியன்னாவின் ஏழைப் பெண்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று காலில் விழுந்து கெஞ்சினார்கள். அங்கே போவதைவிட நல்லது என்று தெருவிலேயே பெற்றெடுத்தவர்களும் உண்டு. படிக்காதவர்களின் பயம் என்று மருத்துவமனை ஒதுக்கியதற்குள் சரியான தகவல் இருந்தது. நோயாளி பயந்தால் ஏன் பயப்படுகிறார் என்று கேளுங்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

இன்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடும் முன், ஊசி போடுவது, டியூப் வைப்பது போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், கட்டில், மேசை, போர்வை என்று அவரைச் சுற்றியிருப்பதைத் தொட்ட பின். கடைசியானதைத்தான் எல்லோரும் மறப்போம். நோயாளியைத் தொடவே இல்லையே, போர்வையைத்தானே சரிசெய்தோம் என்று தோன்றும். அந்தப் போர்வையில்தான் அவருடைய கிருமி இருக்கிறது. மூத்த சிஸ்டர் அம்மாவின் கட்டிலில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டதன் காரணம் அதுதான். நாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் செய்வது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது.

கைமருந்து என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. விரல் நுனி, கட்டை விரல், விரல் இடுக்கு ஆகியவை விட்டுப்போகும் இடங்கள். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள். சாப்பிட்ட பின் நன்றாகக் கழுவுவோம், ஏனென்றால் எண்ணெயும் குழம்பும் கண்ணுக்குத் தெரிகிறது. சாப்பிடும் முன் கழுவுவது பல வீடுகளில் விரல் நனைப்பதோடு சரி. கண்ணுக்குத் தெரிந்தால்தான் அழுக்கு என்ற இந்தப் பழக்கம் நர்ஸ் உடை போட்டதும் போய்விடாது. அதை உடைப்பதற்குத்தான் பயிற்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வார்டில் 30 நோயாளிகள், ஒரு செவிலியர் என்று வையுங்கள். ஒரு ஷிஃப்டில் ஒவ்வொருவரையும் நான்கு முறை தொட்டாலே 120 முறை. ஒருவரைத் தொட்ட பின் தேய்ப்பதையே அடுத்தவரைத் தொடும் முன் தேய்ப்பதாகவும் எடுத்துக்கொண்டால்கூட, 120 முறை 30 விநாடி என்பது ஒரு மணி நேரம். கை தேய்க்க மட்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் இரண்டு மணி நேரம் வரை போகும். இதற்கிடையில் மருந்து, ஊசி, ட்ரிப், டிரெஸ்ஸிங், கேஸ் ஷீட், டாக்டர் ரவுண்ட்ஸ், புது அட்மிஷன். இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு, பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர்; மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர். ஐந்து நோயாளி என்றால் நான் மேலே போட்ட ஒரு மணி நேரம் பத்து நிமிடமாகிவிடும். கை கழுவாத நர்ஸ் என்று ஒருவரைக் குற்றம் சொல்லும் முன் அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் டியூட்டி என்று கேட்க வேண்டும். 2015-இல் தமிழக அரசு தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017-இல் சென்னையில் போராட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது. சுத்தத்துக்குச் சம்பளப் பட்டியலோடும் தொடர்பு உண்டு.

கையுறை போட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. கையுறை போட்ட கையோடு ஒரு நோயாளியின் யூரின் பேக்கைக் காலி செய்து, அதே கையோடு கதவுப் பிடி, பேனா, போன் என்று தொட்டால் கிருமிக்கு வாகனம் கிடைத்ததுதான் மிச்சம். கையுறையைக் கழற்றிய பின்னும் கை கழுவியாக வேண்டும்.

செவிலியரின் சொந்த உயிரும் இதில் இருக்கிறது. ஊசி குத்திய பின் மூடியைத் திரும்பப் போடுவது அனிச்சையாக வரும். அந்தச் சமயத்தில்தான் விரலில் குத்திக்கொள்வார்கள். மூடக் கூடாது. நோயாளியின் பக்கத்திலேயே இருக்க வேண்டிய, ஊசி துளைக்காத வெள்ளை டப்பாவில் நேராகப் போட வேண்டும். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சளில். ட்ரிப் செட், டியூப், கையுறை சிவப்பில். கண்ணாடிக் குப்பி நீலத்தில். தவறிக் குத்திவிட்டால், ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் சில மணி நேரத்திலேயே, மிஞ்சிப்போனால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி-க்கு முன்கூட்டியே மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு. வார்டைப் பெருக்கிக் கழிவைச் சுமக்கிற ஆயாக்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் அந்த மூன்று ஊசியும் போடப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நோய் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது. முதல் நோயாளிகளைக் கவனித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, அந்த மே 21-இல் இறந்தார். அவர் அவர்களைக் கவனித்தபோது எந்தக் கிருமி என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான், நோய் என்னவென்று தெரியும்முன்பே எல்லா நோயாளியிடமும் ஒரே எச்சரிக்கை வேண்டும் என்கிறார்கள்.

பாதி நர்ஸ் நாம்தான்

வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் பெரிய இடம் பெறாத ஒருவர் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார். அட்டெண்டர். மகள், மருமகன், தங்கை, ஊர்க்காரர், யாராவது ஒருவர். கஞ்சி ஊட்டுவது, பெட்பேன் வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, ட்ரிப் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் அவர்தான். செவிலியத்தில் பாதியை நாம் செய்கிறோம், எந்தப் பயிற்சியும் இல்லாமல்.

சில வருஷங்களுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் என் சித்தப்பா படுத்திருந்தார். ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது யூரின் பேக்கைத் தூக்கி அவர் வயிற்றின் மேல் வைத்தார்கள். பேக் கீழே தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது என்று நானும் போர்வையை இழுத்து மூடினேன். மூன்றாம் நாள் குளிர்க் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று. அந்தப் பேக்கினால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பேக் எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் பையில் தேங்கியது திரும்ப உள்ளே ஓடும், அதே நேரம் தரையிலும் படக் கூடாது என்ற ஒரு வரியை அன்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் போர்வை இழுத்திருக்க மாட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். புண் வந்தால் அதில் கிருமி வரும். இதுவும் நாம் செய்யும் வேலையே. அட்டெண்டருக்குப் பாஸ் கொடுக்கும்போதே ஐந்து நிமிடம் உட்கார வைத்து, நல்ல தமிழில், கை கழுவிக் காட்டி, இந்தச் சில விஷயங்களைச் சொல்லிக்கொடுக்க ஆகும் செலவு மிகச் சிறியது.

வேப்பிலை சொன்ன பாடம்

நல்ல தமிழில் என்று சொன்னேன். எப்படி? அம்மை வந்த வீட்டை நினைத்துப் பாருங்கள்.

வாசலில் வேப்பிலை. அதைப் பார்த்ததும் பிச்சைக்காரர்கூட உள்ளே வர மாட்டார். அம்மை கண்டவருக்குத் தனி இடம், தனிப் பாய், தனிப் பாத்திரம். பார்க்க வந்தவர் வாசலோடு நிற்பார். கொப்புளம் காய்ந்து உதிரத் தொடங்கிய பிறகே தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்து கடைசிக் கொப்புளம் பொருக்குத் தட்டும்வரை பரவும் என்கிறது மருத்துவம். தனிமைப்படுத்தும் வார்டின் கதவில் ஒட்டும் எச்சரிக்கைத் தாளுக்கும் வேப்பிலைக்கும் வேலை ஒன்றுதான். மாரியம்மன் மீதுள்ள பயபக்தியால் அந்த விதியை யாரும் மீறவும் இல்லை.

'மூடநம்பிக்கை' என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அந்தக் குடும்பம் அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காது. 'அம்மை போட்டா வீட்டுல எப்படித் தனியா வெச்சுப் பாத்துக்குவீங்களோ அதே மாதிரிதாம்மா இங்கயும்' என்று சொல்லிப் பாருங்கள். கிருமி, காற்று வழிப் பரவல் என்ற விளக்கமே தேவைப்படாது. பிறகு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கர்ப்பிணி, பச்சைக் குழந்தை, சர்க்கரை நோயாளி, மூச்சு வாங்கும் பெரியவர் ஆகியோருக்கு அம்மை வந்தால் வேப்பிலையோடு டாக்டரும் வேண்டும். முதல் பாதியை மதித்தவர் சொன்னால்தான் இரண்டாம் பாதி காதில் ஏறும்.

இதற்கு ஒரு முறையே வகுத்தவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லெய்னிங்கர். 1950-களில் குழந்தைகளுக்கான மனநல இல்லத்தில் வேலை செய்தபோது, வேறு வேறு குடும்பப் பின்னணியிலிருந்து வந்த குழந்தைகள் பரிவை வேறு வேறு விதமாக எதிர்பார்ப்பதைக் கண்டார். அதைப் புரிந்துகொள்ள மானிடவியல் படித்து, பப்புவா நியூ கினியின் மலைக் கிராமங்களில் போய்த் தங்கினார். அவர் சொன்னது மூன்று வழி. தீங்கில்லாத வழக்கத்தை அப்படியே காப்பாற்று. இடைஞ்சலாக இருந்தால் பேசி வழி கண்டுபிடி. கேடு செய்தால் அந்த மக்களோடு சேர்ந்து அதை மாற்றி அமை. வேப்பிலை முதல் வகை. என் அம்மாவின் மஞ்சள் கயிறு இரண்டாம் வகை.

மூன்றாவதற்கு நம் பிரசவ வார்டில் தினமும் ஒரு சோதனை நடக்கிறது. சேனை வைப்பது. பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, சில ஊர்களில் கழுதைப் பாலோ, குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் தொட்டு வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. எத்தனை அழகான ஆசை! ஆனால் ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதிலுள்ள கிருமி வித்து குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம். கழுவாத விரல், கொதிக்காத தண்ணீர், தெருவில் கறந்த பால் எல்லாம் வயிற்றுப்போக்குக்கு வழி. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தர வேண்டும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். 'பாட்டி, வெளிய போங்க' என்று விரட்டினால் சேனை நிற்காது. நர்ஸ் திரும்பியதும் முந்தானைக்குள்ளிருந்து தேன் பாட்டில் வெளியே வரும். சேனை வைக்க வந்த பெரியவரைக் கை கழுவச் சொல்லி, குழந்தையை அவர் கையில் கொடுத்து, 'நீங்களே அம்மா மார்ல முதல்ல வெச்சு விடுங்க பாட்டி, உங்க குணம்தான் வரட்டும்' என்று சொல்கிற செவிலியர் கெட்டிக்காரர். குடும்பத்தின் ஆசையும் நிறைவேறுகிறது, குழந்தையின் வாயில் போவதும் சீம்பால்.

இதே பாடத்தை உலகம் 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கற்றது. எபோலாவில் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது அங்கே வழக்கம். அந்த உடலில்தான் கிருமி மிக அதிகம். முதலில் உடல்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். குடும்பங்கள் பிணத்தையும் நோயாளியையும் ஒளித்து வைத்தன, நோய் பரவியது. பிறகே மதகுருக்களையும் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு, தூரத்தில் நின்று பிரார்த்திக்க இடம் கொடுத்துப் 'பாதுகாப்பான, கண்ணியமான அடக்கம்' என்ற முறையை உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்தது. அந்த நோய் அடங்குவதற்குள் 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

எங்கே வலிக்குது என்றால் போதாது

வலியைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணில் சொல்லச் சொல்கிறது கேஸ் ஷீட். நம் கிராமத்துப் பாட்டி எண்ணில் சொல்ல மாட்டார். 'விண்ணு விண்ணுனு தெறிக்குது', 'குடையுது', 'கடுக்குது', 'சுருக்குனு இழுக்குது', 'பாரமா அழுத்துது' என்பார். எண்ணைவிட இதில் தகவல் அதிகம். சீழ் பிடித்த புண் விண்ணென்று தெறிக்கும். சிறுநீர்த் தொற்று கடுக்கும். நெஞ்சில் பாரமாக அழுத்துகிறது என்றால் உடனே ஓட வேண்டும். ட்ரிப் போட்ட இடம் எரியுது என்று ஒருவர் சொன்னால் அந்த வென்ஃப்ளான் குழாயை அப்போதே பார்க்க வேண்டும். சிவந்து வீங்கியிருந்தால் எடுத்துவிட வேண்டும். திருப்பூரிலும் கோவையிலும் இப்போது ஒடியா, வங்காளம், இந்தி பேசும் தொழிலாளிகள் வார்டில் கிடக்கிறார்கள். அவர்கள் 'எரிகிறது' என்பதை எந்தச் சொல்லால் சொல்வார்கள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டி வைத்தால்கூட ஒரு தொற்று முன்கூட்டியே பிடிபடும்.

பிரசவ வலியில் கத்துகிற பெண்ணை அதட்டும் வழக்கம் நம் லேபர் வார்டுகளில் இன்னும் முழுக்கப் போகவில்லை. அது போக வேண்டும். அதட்டல் வாங்கிய பெண் மறுநாள் தையல் போட்ட இடத்தில் வலிக்கிறது என்று வாய் திறக்க மாட்டாள்.

நியூசிலாந்தின் மாவோரி இனச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் லெய்னிங்கரைவிட இன்னும் ஒரு படி மேலே போனார். நோயாளியின் வழக்கத்தை நர்ஸ் தெரிந்துவைத்திருப்பது போதாது. அந்தக் கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளி என்றார். 1990-களில் அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்தது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் என்ன ஆளுங்க, எனக்குத் தண்ணீர் கொடுக்கும் நர்ஸ் எந்த ஊர், எந்தத் தெரு என்று துருவுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். தீட்டு என்ற சொல் நம் வீடுகளில் கை கால் கழுவும் பழக்கத்தையும் கொடுத்தது. மனிதரைத் தொடாமல் ஒதுக்கும் கொடுமையையும் கொடுத்தது. முதலாவதை வார்டுக்குள் அழைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு வார்டில் இடம் இல்லை. பண்பாட்டை மதிக்கிறோம் என்று சொல்லி ஒரு நோயாளிக்காக நர்ஸை மாற்றிக் கொடுக்கும் மேலாளர், பண்பாட்டையும் மதிக்கவில்லை, நர்ஸையும் மதிக்கவில்லை. மலத்தையும் ரத்தத்தையும் தொட வேண்டிய வேலை என்று சொல்லி, தங்களை உயர்த்திக்கொண்ட குடும்பங்கள் தங்கள் பெண்களை ஒரு காலத்தில் இந்தப் படிப்புக்கு அனுப்பவில்லை. அப்போது வந்து நின்றவர்கள் ஏழைக் குடும்பத்துப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்கள். அவர்களின் கைதான் நம் ஆஸ்பத்திரிகளை நிறுத்தியது.

அம்மாவுக்குப் பதினான்காம் நாள் தையல் பிரித்தார்கள். சீழ் இல்லை. அந்த மூத்த சிஸ்டரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அவருக்குச் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவதை வாசகர்களிடம் வைக்கிறேன். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் வார்டு வாசலில் கைமருந்தைத் தேய்த்துவிட்டு உள்ளே போங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள், போனில் பேசுங்கள். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதை நர்ஸிடம் ஒளிக்காமல் முதல் நாளே சொல்லுங்கள். 'சிஸ்டர், கை கழுவிட்டீங்களா?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, மரியாதையாகக் கேளுங்கள். சுவரில் உள்ள கைமருந்துப் புட்டி காலியாக இருந்தால் நர்ஸிடம் சண்டை போடாமல், மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேளுங்கள்.